டிக்கெட் மென்பொருளுக்குப் போயா நாளைச் சொல்லிக்கொடுத்தல்

உதவி மேசை மென்பொருள் ஒன்றைப் புதிதாக நிறுவினால், அன்றைக்கே அது வேலை செய்யத் தொடங்கிவிடும். யாராவது மின்னஞ்சல் அனுப்புவார்கள். அது ஒரு டிக்கெட்டாக மாறும். அதற்கு ஓர் இலக்கம் விழும். தானாக ஒரு பதிலும் போய்ச் சேரும். அந்த மகிழ்ச்சியில் பலர் அமைப்புகள் பக்கத்தில் அலுவலகத்தின் பெயரையும் சின்னத்தையும் மட்டும் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். திருகோணமலையில் சிறு அலுவலகங்களுக்கும் விடுதிகளுக்கும் இத்தகைய மென்பொருள்களை அமைத்துக் கொடுக்கும் வேலையில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். என்னை அழைப்பவர்கள் பெரும்பாலும் மென்பொருளில் பிழை என்றுதான் சொல்கிறார்கள். போய்ப் பார்த்தால் மென்பொருளில் பிழை இருக்காது. தான் வேறு ஏதோ ஓர் ஊரில் இருப்பதாக எண்ணிக்கொண்டு அது ஒழுங்காகவே வேலை செய்துகொண்டிருக்கும்.

ஓஎஸ்டிக்கெட், ஸம்மாட், ஜிஎல்பிஐ என்று இலவசமாகக் கிடைப்பவையே பல இருக்கின்றன. பக்கங்களின் தோற்றம் வேறுபட்டாலும் அவை கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். இப்போது நேரம் என்ன? எது வேலை நாள்? எந்த மொழியில் பேச வேண்டும்? எதிரே இருப்பவரை எப்படி அழைக்க வேண்டும்? வேலை முடிந்தது என்பதை எந்தச் சொல்லால் சொல்ல வேண்டும்? நாம் பதில் சொல்லாவிட்டால் மென்பொருளை எழுதியவர்கள் தங்கள் ஊரை மனத்தில் வைத்து எழுதிய பதில்களே நிற்கும்.

நேரத்தில் இருந்து தொடங்குகிறேன். அதிகமான சேதம் அங்கேதான் நடக்கிறது.

மென்பொருள் நிறுவப்படும் வழங்கி, அதாவது சேர்வர் கணினி, பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும். இலங்கை அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. நேர வலயத்தை மாற்றாமல் விட்டால், உப்புவெளியில் இருந்து அதிகாலை 4.15க்கு ஒருவர் அனுப்பிய முறைப்பாடு முந்தைய நாள் இரவு 10.45க்கு வந்ததாகப் பதிவாகும். திகதியே மாறிப்போகும். வேலை நேரத்தில் இந்தப் பிழை இன்னும் பெரிதாகிறது. காலை 8 முதல் மாலை 5 வரை என்று கவனமாகவே பதிந்திருப்பார்கள். ஆனால் உலகப் பொது நேரத்தின் காலை 8 மணி நமக்குப் பிற்பகல் 1.30. அதன் மாலை 5 மணி நமக்கு இரவு 10.30. காலை முழுவதும் அலுவலகம் பூட்டியிருப்பதாகவும், எல்லோரும் வீட்டில் இராச் சாப்பாட்டில் இருக்கும்போது மும்முரமாக வேலை நடப்பதாகவும் மென்பொருள் கணக்குப் போடும்.

நேர வலயப் பட்டியலில் 'ஆசியா/கொழும்பு' என்று ஒரு வரி இருக்கும். அதையே தெரிவுசெய்ய வேண்டும். இந்தியாவுக்கும் இதே நேரம்தானே என்று அதற்குரிய வரியைத் தெரிவுசெய்பவர்கள் இருக்கிறார்கள். இன்றைய நேரத்துக்கு அது சரியாக வரும், பழைய பதிவுகளுக்கு வராது. மின்சாரத் தட்டுப்பாட்டினால் இலங்கை 1996 மே மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி நேரம் பின்னே இழுத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. கொழும்பு வலயத்துக்குள் இந்த வரலாறு முழுவதும் பதிந்திருக்கிறது. பழைய முறைப்பாட்டுப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்ற நினைக்கும் அலுவலகத்துக்கு இது சிறிய விடயம் அல்ல.

அடுத்தது விடுமுறை. ஓஎஸ்டிக்கெட்டுடன் வரும் மாதிரி அட்டவணைகளில் ஒன்று அமெரிக்க விடுமுறை நாட்களைச் சுமந்துகொண்டு வருகிறது. அதை அப்படியே விட்டால் ஜூலை 4ஆம் திகதி திருகோணமலை அலுவலகத்துக்கு விடுமுறை. வெசாக் நாள் வேலை நாள். அதை நீக்குவது எளிது. அந்த இடத்தில் நம்முடையதை வைப்பதுதான் கடினம். அந்த அட்டவணை நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழன் என்பது போன்ற விதிகளுக்கு ஏற்றது. ஒருமுறை எழுதினால் எல்லா ஆண்டுகளுக்கும் பொருந்தும். நமது விடுமுறைகளில் அப்படி அடங்குபவை பெப்ரவரி 4, மே 1, டிசம்பர் 25 என ஒரு சிலவே. ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. ஆண்டுக்குப் பன்னிரண்டு வரும், சில ஆண்டுகளில் பதின்மூன்றும் வரும். சிவராத்திரியும் தீபாவளியும் நகர்ந்துகொண்டே இருக்கும். தைப்பொங்கல்கூடச் சில ஆண்டுகளில் ஜனவரி 14, சில ஆண்டுகளில் 15. நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் பிறை பார்த்து வருபவை. எனவே 'ஆண்டுதோறும் இதே நாள்' என்ற பொத்தானை நம்பாமல், ஒவ்வோர் ஆண்டும் கையால் பதிய வேண்டியிருக்கிறது. கிண்ணியாவிலோ மூதூரிலோ உள்ள அலுவலகமாக இருந்தால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தையும் அட்டவணையில் இடைவெளியாகக் காட்டிவிடுவது நல்லது. அந்த நேரத்தில் தொலைபேசியை எடுக்க ஆள் குறைவாக இருப்பது ஊருக்கே தெரியும். மென்பொருளுக்கும் தெரிந்தால் என்ன?

இதெல்லாம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது கெடுவைக் கணக்கிடும்போது விளங்கும். ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் இத்தனை மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று மென்பொருளில் ஒரு கெடு வைக்கலாம். 24 மணி நேரம் என்று வைத்திருப்பதாக எடுத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை பிற்பகல் 3.15க்கு ஒரு முறைப்பாடு வருகிறது. வேலை நேர அட்டவணை இல்லாவிட்டால் கெடு சனிக்கிழமை 3.15க்கு முடிந்து, அந்த டிக்கெட் சிவப்பாகிவிடும். அப்போது அலுவலகத்தில் காவலாளி மட்டும்தான் இருப்பார். இனி, அரசாங்க அலுவலகங்களின் வழக்கமான நேரமான காலை 8.30 முதல் மாலை 4.15 வரையை அட்டவணையாகக் கொடுத்துப் பாருங்கள். ஒரு நாளுக்கு ஏழே முக்கால் மணி நேரம். வெள்ளியில் ஒரு மணி நேரம் கழியும். திங்கள், செவ்வாய் இரண்டும் முழுதாகக் கழியும். மீதி ஏழரை மணி நேரம் புதன் மாலை 4.00க்கு முடியும். இடையில் செவ்வாய் போயாவாக இருந்தால் கெடு வியாழன் மாலை 4.00க்குத் தள்ளிப்போகும். ஒரே முறைப்பாடு, ஒரே 24 மணி நேரம். ஆனால் முடியும் நாளோ சனியாகவும் இருக்கலாம், வியாழனாகவும் இருக்கலாம்.

இந்த அட்டவணை இல்லாத ஓர் அலுவலகத்தில் திங்கட்கிழமை காலைகளைப் பார்த்திருக்கிறேன். திரை முழுவதும் சிவப்பாக இருக்கும். முதல் மாதம் ஊழியர்கள் பதறினார்கள். இரண்டாம் மாதம் சிவப்பு அவர்களுடைய கண்ணுக்குப் பழகிவிட்டது. மூன்றாம் மாதம் உண்மையிலேயே கெடு தாண்டிய, ஒருவருடைய வாழ்க்கையைப் பாதிக்கும் முறைப்பாடு ஒன்று அதே சிவப்புக்குள் பதினொரு நாட்கள் கிடந்தது. அந்த ஊழியர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் அவசரம் என்று சொல்லும் திரையை எந்த மனிதராலும் நெடுநாள் நம்ப முடியாது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பொது அதிகார சபைகளுக்குச் சில கெடுக்களைச் சட்டமே விதித்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, கோரிக்கை கிடைத்து 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று முடிவெடுத்தாக வேண்டும். அத்தகைய கோரிக்கைகளைப் பொதுவான முறைப்பாடுகளோடு கலக்காமல் தனி வகையாகவும் தனிக் கெடுவோடும் வைக்க வேண்டும். அங்கேயும் வேலை நாள் என்பதை மென்பொருள் அறிந்திருந்தால்தான் எண்ணிக்கை சரியாக வரும்.

மூடப்பட்டது

சில ஆண்டுகளுக்கு முன் நகரில் ஒரு சேவை அலுவலகத்தில் இந்த வேலையாக உட்கார்ந்திருந்தேன். மூதூரில் இருந்து ஓர் அம்மா பஸ் ஏறி வந்திருந்தார். கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். “உங்கள் டிக்கெட் மூடப்பட்டது” என்று குறுஞ்செய்தி இருந்தது. “மூடப்பட்டது என்று வந்திருக்கிறது, தம்பி. அலுவலகத்தையே மூடிவிட்டார்களோ என்று பயந்துதான் வந்தேன்” என்றார். அவருடைய வேலை உண்மையில் முடிந்திருந்தது. அவர் அன்று வந்திருக்கவே வேண்டியதில்லை. ஒரு நாள் கூலியும் பஸ் காசும் ஒரு சொல்லால் போயின.

அந்தச் சொல்லை அங்கே வைத்தது யார் என்று தேடினால் எவரும் இல்லை. ஆங்கிலத்தில் ஒரு கோப்பை மூடுவது போல் டிக்கெட்டையும் மூடுகிறார்கள். மொழிபெயர்ப்பில் அது அப்படியே தமிழுக்கு வந்துவிட்டது. நிலைகளின் பெயரை மாற்றும் வசதி ஏறக்குறைய எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. உள்ளே ஊழியர்கள் பார்க்கும் பெயர் எதுவாகவும் இருக்கட்டும். வெளியே போகும் செய்தியில் 'உங்கள் முறைப்பாட்டுக்கு நடவடிக்கை எடுக்கப்பட்டுவிட்டது. குறை இன்னும் இருந்தால் இதே இலக்கத்தைச் சொல்லி அழையுங்கள்' என்று இருக்கலாம். அதோடு, முடிந்த டிக்கெட்டை மீண்டும் திறக்கும் உரிமையை முறைப்பாடு செய்தவருக்கே கொடுக்கும் அமைப்பையும் திறந்துவைக்க வேண்டும். இத்தனை நாள் பதில் வராவிட்டால் தானாக முடித்துவிடு என்று ஓர் அமைப்பு இருக்கும். அதை நான் எங்கும் திறந்துவைப்பதில்லை. இங்கே பதில் வராததற்குக் காரணம் பெரும்பாலும் தொலைபேசியில் பணம் தீர்ந்திருப்பதுதான்.

'டிக்கெட்' என்ற சொல்லுக்கும் இதே கதைதான். நமக்கு டிக்கெட் என்றால் பஸ்ஸும் படமும். வைத்தியசாலையில் வரிசைக்குக் கிடைப்பதைத் துண்டு என்கிறோம். பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் 'முறைப்பாட்டு இலக்கம்' என்று மாற்றிவிட்டால் போதும். எவருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. தமிழ் இடைமுகத்தை மட்டும் தெரிவுசெய்துவிட்டு ஓய்ந்துவிடவும் கூடாது. பல மென்பொருள்களின் தமிழ்ச் சொற்கள் தமிழ்நாட்டு வழக்கில் இருக்கின்றன. அங்கே புகார், இங்கே முறைப்பாடு. அங்கே துறை, இங்கே திணைக்களம். அங்கே தேதி, இங்கே திகதி. இரண்டும் நல்ல தமிழ்தான். ஆனால் அரச கடிதத்தில் பார்த்துப் பழகிய சொல்லைக் கண்டால்தான் இது நம் அலுவலகம் என்ற நம்பிக்கை வருகிறது.

வகைகளின் பெயர்களும் அப்படியே. 'பொறியியல் பிரிவு', 'வருமானப் பிரிவு' என்று அலுவலகத்தின் உள்ளமைப்பைப் பட்டியலாகக் காட்டினால், தெருவிளக்கு எரியாத ஒருவர் எதைத் தெரிவுசெய்வார்? 'தெருவிளக்கு எரியவில்லை' என்றே ஒரு வகை வைத்து, அது எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்பதைப் பின்னால் மென்பொருளுக்குச் சொல்லிவைக்கலாம்.

பெயர், தொலைபேசி, அடையாள அட்டை

முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டிகள் இருக்கும். நம்மில் பலர் தந்தையின் பெயரை முன்னால் எழுதுகிறோம். அடையாள அட்டையிலும் அந்த வரிசையே இருக்கும். அதைப் பார்த்து எழுதினால் முதல் பெட்டியில் தந்தையின் பெயர் விழுகிறது. பிறகு மென்பொருள் 'அன்புள்ள' என்று தொடங்கி, காலமாகிவிட்ட அந்தத் தந்தைக்கே பதில் எழுதுகிறது. முதற்பெயர் கொண்டு அழைக்கும் அமைப்பை விட்டுவைத்தால் கிண்ணியாவில் பாதிப்பேர் 'அன்புள்ள முகம்மது' ஆகிவிடுவார்கள். சிங்களப் பெயர்களில் முன்னால் வரும் வாசகம என்ற பரம்பரைப் பெயரும் இதே சிக்கலைத் தரும். முழுப் பெயருக்கு ஒரே பெட்டி, காட்டும்போது எழுதப்பட்டபடியே என்ற தெரிவு. இந்த இரண்டும் போதும். விளிப்பும் தேவையில்லை என்பது என் எண்ணம். 'உங்கள் முறைப்பாடு கிடைத்தது' என்று தொடங்கும் பதில் எவரையும் புண்படுத்தாது.

தொலைபேசிப் பெட்டியை எண் வகையாக வைத்தால் முன்னால் உள்ள பூச்சியம் காணாமல் போகும். எழுத்து வகையாக வைக்க வேண்டும். குறுஞ்செய்தி அனுப்பும் சேவைகளுக்குப் பூச்சியத்தை எடுத்துவிட்டு 94 சேர்த்து அனுப்ப வேண்டியிருக்கும். அந்த மாற்றத்தை மென்பொருள் செய்யட்டும், மனிதர் செய்ய வேண்டாம். 026இல் தொடங்கும் வீட்டு இலக்கம் கொடுத்தவருக்குக் குறுஞ்செய்தி போகாது என்பதையும் கவனித்து, அவரை அழைக்க வேண்டியவர் பட்டியலில் சேர்க்கும் விதி ஒன்று எழுத வேண்டும். மின்னஞ்சல் முகவரியைக் கட்டாயமாக்குவது பெரும் தவறு. கட்டாயமாக்கினால் மக்கள் பக்கத்துக் கடைக்காரரின் முகவரியைக் கொடுப்பார்கள். அவர்களுடைய அந்தரங்கம் அந்தக் கடையில் போய் விழும்.

அடையாள அட்டை இலக்கத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. தேவையில்லாமல் கேட்காதீர்கள். பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும். 2016 முதல் வரும் புதியதில் பன்னிரண்டு இலக்கங்கள். பத்து இடங்களுக்கு மேல் ஏற்காத பெட்டி இளைஞர்களை வெளியே நிறுத்திவிடும் என்பது ஒரு பக்கம். மறுபக்கம், அந்த இலக்கத்துக்குள் பிறந்த ஆண்டும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கின்றன. பெண்களுக்கு அந்த நாளின் எண்ணோடு 500 கூட்டப்படுவதால் பாலினமும் அதிலேயே தெரியும். தெருவிளக்கு முறைப்பாட்டுக்கு ஒரு பெண்ணின் பிறந்த நாள் எதற்கு? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நோக்கத்துக்குத் தேவையான தரவை மட்டுமே எடுக்கச் சொல்கிறது. உண்மையில் தேவைப்படும் வகைக்கு மட்டும் அந்தப் பெட்டி தோன்றும்படி வைத்து, அதைப் பார்க்கும் உரிமையை ஓரிருவருக்கு மட்டும் கொடுக்கலாம்.

முறைப்பாட்டு இலக்கத்தை வரிசையாகக் கொடுப்பதா, கலைத்துக் கொடுப்பதா என்பது அடிக்கடி எழும் கேள்வி. கோப்பு இலக்கத்துக்குப் பழகிய தலைமை எழுதுநர்கள் வரிசையையே கேட்பார்கள். எது காணாமல் போனது என்று பார்க்க அது உதவும். ஆனால் 1041 என்னுடையது என்றால் 1042 என் அயலவருடையதாக இருக்கலாம் என்று எவரும் ஊகிக்க முடியும். இலக்கத்தை மட்டும் கொடுத்தால் நிலையைக் காட்டும் பக்கம் இருந்தால் கலைந்த இலக்கமே பாதுகாப்பு. இலக்கத்தோடு தொலைபேசியையும் கேட்கும் பக்கமாக இருந்தால் வரிசை இலக்கத்தால் பெரிய தீங்கு இல்லை.

எழுத்தின் நீளம்

ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றுக்கு 160 எழுத்துகள். தமிழோ சிங்களமோ கலந்தவுடன் அது 70 ஆகிவிடும். நீண்டு பல துண்டுகளானால் துண்டுக்கு 67. அந்த 70உம் நாம் எண்ணும் எழுத்து அல்ல. திருகோணமலை என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கொம்பையும் விசிறியையும் தனித்தனியே எண்ணும் கணினிக்குப் பத்து. ஆகவே மும்மொழியிலும் ஒரே குறுஞ்செய்தியில் சொல்ல முயன்றால் நான்கைந்து செய்திகளுக்குக் கட்டணம் கட்ட நேரும். தமிழும் சிங்களமும் அரச கரும மொழிகளாகவும் ஆங்கிலம் இணைப்பு மொழியாகவும் உள்ள நாட்டில், அதுவும் மூன்று சமூகங்களும் வாழும் இந்த நகரத்தில், மொழியைக் குறைத்துச் செலவைக் குறைப்பது சரியல்ல. முறைப்பாட்டைப் பதியும்போதே 'எந்த மொழியில் பதில் வேண்டும்' என்று ஒரு பெட்டி வைத்து, அந்த மொழியில் மட்டும் அனுப்புவதே வழி. மின்னஞ்சலுக்கு நீளக் கட்டுப்பாடு இல்லாததால் அங்கே மூன்றையும் அடுக்கலாம்.

தரவுத்தளத்தின் எழுத்துக் குறியீட்டையும் ஒருமுறை பார்க்க வேண்டும். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் பழைய குறியீடான 'யூடிஎஃப்8' ஓர் எழுத்துக்கு மூன்று பைட் வரைதான் வைக்கும். தமிழ் எழுத்துக்கு மூன்று பைட்டே போதும் என்பதால் எல்லாம் நலமாக இருப்பது போலத் தோன்றும். ஒருவர் முறைப்பாட்டின் நடுவில் கைகூப்பும் படத்தைப் போடுவார். அதற்கு நான்கு பைட். சில வழங்கிகளில் அந்த இடத்தோடு கடிதம் அறுந்துவிடும். சிலவற்றில் முறைப்பாடே பதியாது. 'யூடிஎஃப்8எம்பி4' என்ற அமைப்புக்கு மாற்றினால் தீர்ந்தது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டெழுதி ஒட்டப்படும் கடிதங்கள் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிவதற்கு மட்டும் அமைப்புகளில் மருந்து இல்லை. அதனால்தான் கடிதத்தின் புகைப்படத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்கிறேன். அதற்கும் ஒரு தடை இருக்கிறது. பிஎச்பி என்ற நிரல் மொழியில் எழுதப்பட்ட மென்பொருளாக இருந்தால், அந்த மொழியின் இயல்பு நிலையில் பதிவேற்றக்கூடிய கோப்பின் உச்ச அளவு 2 மெகாபைட். கைத்தொலைபேசியில் எடுத்த ஒரு படமே அதைத் தாண்டிவிடும். அமைப்புகள் பக்கத்தில் 10 என்று உயர்த்தினாலும், வழங்கியில் உயர்த்தாதவரை படம் ஏறாது.

மின்னஞ்சலில் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். தளத்தின் முகவரி என்ற பெட்டியில் அலுவலகத்துக்குள் மட்டும் திறக்கும் முகவரியை விட்டுவைத்தால், வெளியே போகும் எல்லாப் பதில்களிலும் உள்ள இணைப்பு நிலாவெளியில் இருப்பவருக்குத் திறக்காது. மற்றது, விடுப்பில் இருக்கும் ஒருவரின் தானியங்கிப் பதிலும் நம் தானியங்கிப் பதிலும் ஒன்றுக்கொன்று பதில் எழுதத் தொடங்கினால் ஓர் இரவில் நூற்றுக்கணக்கான டிக்கெட்டுகள் விழும். தானியங்கி என்று அடையாளமிட்ட கடிதங்களுக்குப் பதில் அனுப்பாதே என்ற விதியும், ஒருவருக்கு ஒரே நேரத்தில் இத்தனை திறந்த டிக்கெட்டுகள்தான் என்ற உச்சவரம்பும் இதைத் தடுக்கும்.

நான் அமைத்துக் கொடுக்கும் அலுவலகங்களில் சாதாரணக் கொப்பி ஒன்றை வைக்கச் சொல்கிறேன். எந்த அமைப்பு, பழைய மதிப்பு, புதிய மதிப்பு, மாற்றியவர், காரணம். மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றிய பிறகு எது பழைய நிலைக்குப் போயிருக்கிறது என்று பார்ப்பதற்கு அந்தக் கொப்பிதான் கை கொடுக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வேலையும், அதைச் செய்ய வேண்டியவரின் பதவியும் எழுதியிருக்கும். ஒவ்வொரு டிசம்பரிலும் வரும் ஆண்டின் போயா நாட்களைப் பதிந்து, பெருநாட்களைப் பென்சிலால் குறித்து, பிறை தெரிந்த பின் அவற்றை உறுதிப்படுத்த வேண்டும். அது முடிந்ததும் வெள்ளிக்கிழமை பிற்பகல் 3.15 என்று ஒரு பொய் முறைப்பாட்டைப் போட்டு, கெடு எந்த நாளில் விழுகிறது என்று பார்க்க வேண்டும்.